மரத்தை வரைந்தவர்



2025 மார்ச் கடைசி வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் மாமா, அத்தை, எதிர்வீட்டுப் பையன், வார்டு கவுன்சிலர் என எல்லோரும் பெரிய கண்களோடு, மெல்லிய கோடுகளோடு, இளம்பச்சைப் பின்னணியில் நின்றார்கள். பொன்னேரி பஜாரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளிலும் அதே பாணிதான். காதுகுத்து பேனரில் குழந்தை அப்படி, கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளையும் பெண்ணும் அப்படி. ‘கிப்லி’ என்ற பெயர் நம் பக்கத்து வீடுகளுக்குள் அந்த வாரம்தான் நுழைந்தது. போட்டோவைக் கொடுத்தால் சில நொடிகளில் மாற்றித் தரும் ஒரு செயற்கை நுண்ணறிவுப் பொத்தானின் பெயராக நுழைந்தது.

அந்தப் பெயருக்கு உரியவர்கள் டோக்கியோவின் மேற்கே, கொகானேய் என்ற புறநகரில், மேசை விளக்கின் அடியில் உட்கார்ந்து கையால் வரைகிறவர்கள். ஸ்டூடியோ கிப்லி 1985இல் தொடங்கியது. அதன் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2003இல் ஆஸ்கர் வாங்கியது; ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ 2024இல் வாங்கியது. பேனரில் பார்த்த பாணிக்குப் பின்னால் எத்தனை பேர், எத்தனை வருடம், எந்த ஊர், எந்த மரம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு வாகாக ஒரு படப் புத்தகம் கையில் கிடைத்திருக்கிறது. இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுக்கிறேன்.

புத்தகத்தின் பெயர் ‘கிப்லியோதெக்’. 2021இல் வந்தது. எழுதியவர்கள் மைக்கேல் லீடர், ஜேக் கன்னிங்ஹாம் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். இருவரும் 2018இல் ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். ஒருவர் கிப்லி படங்களில் ஊறியவர். மற்றவர் அந்தப் படங்களுக்குப் புதியவர். தெரிந்தவர் தெரியாதவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு படமாகக் காட்டிப் பேசினார்கள். புத்தகமும் அதே வழியில் போகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அத்தியாயம். படம் உருவான கதையை ஒருவர் சொல்கிறார், பார்த்த அனுபவத்தை இன்னொருவர் விமர்சனமாக எழுதுகிறார். பக்கத்துக்குப் பக்கம் படக்காட்சிகளும் போஸ்டர்களும்.

இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நம்மிடம் சினிமாப் புத்தகம் என்றால் ஒன்று முழுக்கப் புகழ்மாலை, இல்லாவிட்டால் படிப்பவரை மிரட்டும் ஆராய்ச்சி. இதில் பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே திறந்தாலும் படிக்கலாம். ஆங்கிலமும் எளிது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: படத்திலிருந்து எடுத்த காட்சிகள்தாம் நிறைய, ஓவியரின் மேசையில் கிடந்த தாள்கள் குறைவு. பென்சில் கோட்டையும், வண்ணம் பூசாத ஸ்டோரிபோர்டையும் பார்க்க ஆசைப்படுபவர்கள் அந்த ஸ்டூடியோ படத்துக்குப் படம் வெளியிட்டிருக்கும் ஓவியத் தொகுப்புகளைத்தான் தேட வேண்டும். விலை கூடுதல், நூலகத்துக்கு வாங்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கிப்லி கதையில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவர் ஒரு பத்திரிகைக்காரர். பெயர் தோஷியோ சுசுகி. டோக்குமா ஷோட்டேன் என்ற பதிப்பகம் 1978இல் ‘அனிமேஜ்’ என்று அனிமேஷனுக்காகவே ஒரு மாத இதழைத் தொடங்கியது. அதில் சுசுகி வேலை பார்த்தார். பத்தாண்டுக்கு முன் வெளிவந்து ஓடாமல் போன ஒரு படத்தைப் பற்றிப் பேட்டி எடுக்க அதன் இயக்குநர் இசாவோ தகஹாதாவுக்குப் போன் செய்தார். ஏன் பேட்டி கொடுக்க மாட்டேன் என்பதை தகஹாதா ஒரு மணி நேரம் விளக்கினாராம். பிறகு போன் பக்கத்திலிருந்த, அந்தப் படத்தில் வேலை செய்த ஹயாவோ மியாசாகியிடம் போயிற்று. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பதினாறு பக்கம் ஒதுக்குங்கள் என்றாராம் அவர். பேட்டி நடக்கவில்லை. ஆனால் சுசுகி அந்தப் படத்தைத் தேடிப் போய்ப் பார்த்தார், பார்த்துவிட்டு இந்த இருவரையும் விடவே இல்லை.

மியாசாகி ஒரு படத்துக்கான யோசனையைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே பெயர் பெற்ற கதை எதுவும் இதற்கு அடிப்படையாக இல்லையே என்று பதிப்பகத்தில் மறுத்துவிட்டார்கள். சரி, கதையை முதலில் நம் இதழில் படக்கதையாகப் போடுவோம் என்று முடிவாயிற்று. 1982 பிப்ரவரி இதழில் ‘நௌசிகா’ தொடர் ஆரம்பித்தது. 1984இல் அது படமாயிற்று. அந்தப் படம் ஓடியதால் அடுத்த வருடம் ஸ்டூடியோ பிறந்தது. தொடர் மட்டும் நின்று நின்று 1994 வரை வந்துகொண்டிருந்தது. சுசுகி பின்னாளில் ஸ்டூடியோவின் தயாரிப்பாளரானார். ஒரு மாத இதழ் தன் பக்கங்களை ஒரு மனிதருக்குப் பொறுமையாகத் திறந்துவைத்ததால் உலகத்துக்கு இத்தனை படங்கள் கிடைத்தன. சின்ன இதழ் நடத்தும் ஒவ்வொருவருக்கும் தெம்பு தரும் வரலாறு இது. இதைப் படித்த அன்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

1988 ஏப்ரலில் கிப்லியின் இரண்டு படங்கள் ஒரே டிக்கெட்டில் திரைக்கு வந்தன. ஒன்று தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’, போரில் தாயை இழந்த அண்ணன் தங்கையின் கதை. மற்றது மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் இரண்டு சிறுமிகள், பக்கத்துத் தோப்பின் பெரிய கற்பூர மரத்தில் வாழும் ஒரு குண்டு உருவத்தைச் சந்திக்கிறார்கள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. ஆனாலும் மூன்று வயதுக் குழந்தை அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறது. காரணம் அந்த இடம்தான் என்பது என் எண்ணம். வயல் வரப்பு, மழையில் ஊறிய மண் பாதை, கிணற்றடி, இலைகளுக்கு நடுவே விழும் வெயில். அந்தப் பின்னணி ஓவியங்களுக்குத் தலைமை தாங்கியவர் கசுவோ ஓகா. 1952இல் அகிதா மாகாணத்தில் பிறந்தவர். கிப்லியில் அவருக்கு இதுவே முதல் படம்.

ஓகா பயன்படுத்தியது போஸ்டர் கலர். ஆமாம், நம் பிள்ளைகள் பள்ளி ஓவியப் போட்டிக்குச் சின்னச் சின்ன பாட்டிலில் வாங்கிக்கொண்டு போகிறார்களே, அதே வகை வண்ணம். கம்பெனிதான் வேறு. தாளை நனைத்து, ஈரம் காய்வதற்குள் பெரிய தூரிகையால் பச்சையை இழுத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கொத்தாக இலைகளை எடுத்து வைப்பது அவர் முறை. இதைத் தெரிந்துகொண்டபின் ஓவிய ஆசிரியர்கள் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்: வண்ணம் மலிவானது என்பதால் படம் சின்னதாகிவிடாது. 2007இல் டோக்கியோவின் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஓகாவின் ஓவியங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியது.

டோட்டோரோவின் காடு முழுக்கக் கற்பனையில் முளைத்ததும் இல்லை. டோக்கியோவுக்கும் சைத்தாமா மாகாணத்துக்கும் நடுவே சயாமா என்ற குன்றுப் பகுதி இருக்கிறது. மியாசாகி குடியிருக்கும் தொகொரொசாவா அதன் ஓரத்தில். நகரம் பெருகப் பெருக அங்கே தோப்புகள் மனைகளாயின. படம் வந்து இரண்டு ஆண்டுகளில், 1990இல், உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ‘டோட்டோரோவின் ஊர்’ என்ற பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். மியாசாகி அந்தப் பெயரைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டு துணை நின்றார். பொதுமக்கள் கொடுத்த நன்கொடையில் 1991இல் முதல் துண்டுக் காட்டை விலைக்கு வாங்கினார்கள். அதன்பிறகு துண்டு துண்டாக வாங்கிக்கொண்டே வருகிறார்கள். சட்டப் போராட்டமோ அரசு அறிவிப்போ ஆரம்பிக்காத ஒன்றை ஒரு குழந்தைப் படம் ஆரம்பித்து வைத்தது. இதை எழுதும்போதே எனக்கு உள்ளுக்குள் ஒரு துடிப்பு.

ஒரு இடத்தை ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்து பார்த்து வரைந்துவிட்டால், அதைப் பார்க்கும் ஊரும் அந்த இடத்தை வேறு மாதிரி பார்க்கத் தொடங்குகிறது. இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான். திரையில் மரம் கண்ணில் பட்டு நொடியில் போய்விடும். துணைப் புத்தகத்தில் அது அப்படியே நிற்கும். விரலை வைத்து, இந்தப் பச்சைக்கு அடியில் ஏன் ஒரு ஊதா இருக்கிறது என்று கேட்கலாம்.

நம் வட்டாரத்துப் பிள்ளைகள் இந்தப் படங்களை நம் வட்டாரத்துக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டை வெட்டி, மலைமண்ணிலிருந்து இரும்பெடுத்து, இரவும் பகலும் உலை எரியும் ஓர் ஊர் அதில் வருகிறது. உலைக்குக் காற்றடிக்கும் துருத்தியைப் பெண்கள் மாற்றி மாற்றி மிதிக்கிறார்கள். அந்த ஊரின் தலைவி எபோஷி, விலைக்கு விற்கப்பட்ட பெண்களையும் தொழுநோயாளிகளையும் கூட்டிவந்து வேலையும் சோறும் கொடுத்தவள். காட்டின் தெய்வத்தைச் சுடுபவளும் அவளே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபர்னஸ் முன்னால் நின்று வியர்க்கும் அப்பாவின் பிள்ளைக்கு இந்தப் படம் சட்டென்று புரியும். ரோலிங் மில் புகை மாடித் துணியில் படிகிற கோபமும், அந்த மில் சம்பளத்தில் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற நன்றியும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வாழும் தொழிலாளர்களுக்கும் அந்த உலைதான் வாழ்வு. மியாசாகி யாரையும் கெட்டவர் என்று ஒதுக்கிவிட்டுக் கதையை முடிக்கவில்லை. காடும் உலையும் இரண்டுமே உயிரோடு இருக்க வழி உண்டா என்ற கேள்வியைப் பார்ப்பவர் கையில் கொடுத்துவிடுகிறார்.

தகஹாதாவின் ‘பாம் போக்கோ’ (1994) இன்னும் நெருக்கம். டோக்கியோவின் மேற்கே தமா என்ற மலைப்பகுதியைச் சமன்செய்து 1960களிலிருந்து ஒரு புது நகரம் கட்டினார்கள். அங்கே வாழ்ந்த தனுகி என்ற காட்டுப் பிராணிகள் வீடிழப்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. ஏரிக்கரையும் வயலும் லேஅவுட் ஆவதை நாம் மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை ரயில் ஜன்னல் வழியாகவே பார்த்தவர்கள். நம் பக்கத்து நரியும் உடும்பும் எங்கே போயின என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் படத்திலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

அடுத்து கடல். ‘போன்யோ’ (2008) ஒரு சின்னத் துறைமுக ஊரில் நடக்கிறது. மியாசாகி அதற்கு முன் ஹிரோஷிமா மாகாணத்தின் தோமோனோஉரா என்ற பழைய மீன்பிடித் துறைமுகத்தில் தங்கியிருந்தார். வளைந்த கரை, கல் படித்துறை, கல் விளக்குத்தூண், குறுகிய சந்துகள். கம்ப்யூட்டர் அனிமேஷன் உலகத்தையே பிடித்துக்கொண்ட காலத்தில், இந்தப் படத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,70,000 படங்களைக் கையால் வரைந்தார்கள். அலைகளை மியாசாகியே உட்கார்ந்து வரைந்தார். அதே ஊரில் துறைமுகத்தின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பாலம் கட்டும் திட்டம் நெடுங்காலமாக இருந்துவந்தது. நெரிசலுக்குப் பாலம் வேண்டும் என்று ஊரிலேயே ஒரு சாரார் கேட்டார்கள். கடல்முகம் போய்விடும் என்று இன்னொரு சாரார் வழக்குப் போட்டார்கள். 2009 அக்டோபரில் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், அந்தக் காட்சியழகே காக்கப்பட வேண்டிய ஒன்று என்று சொல்லி, கடலைத் தூர்க்க அனுமதி தரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாகாண அரசு பாலத்தைக் கைவிட்டு மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும் யோசனைக்கு மாறியது. தீர்ப்பைப் படம் வாங்கித் தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டவர்கள் ஊர்க்காரர்கள், உழைப்பும் அவர்களுடையது. ஆனால் அந்தச் சின்னத் துறைமுகத்தின் பெயர் நாடெங்கும் தெரிந்ததில் படத்துக்குப் பங்கு உண்டு.

இதைப் படித்ததும் உங்கள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் தாண்டினால் பழவேற்காடு. ஆரணி ஆறு வந்து சேரும் ஏரி. பூநாரைகள் வந்து இறங்கும் ஏரி. நாட்டின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைகளில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இன்னும் காவல் நிற்கின்றன. எந்தக் கிராமம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைக்கும் ‘பாடு’ வழக்கம் உள்ள தண்ணீர். பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் தண்ணீர். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறும்போது இதன் மேல்தான் வெளிச்சம் விழுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிப் பல வருடமாக ஊரில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியும். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை இருக்கும். இந்தப் பக்கத்தில் நான் கேட்பது வேறு. இந்த ஏரியின் ஒரு விடியலை, ஒரு படகுத்துறையை, ஒரு பறியை எத்தனை பேர் உட்கார்ந்து வரைந்திருக்கிறோம்?

‘ஸ்பிரிட்டட் அவே’ எடுத்தபோது நடந்த ஒரு விஷயம் நம் பிள்ளைகளுக்காகவே நடந்தது போலத் தோன்றும். காயம்பட்ட டிராகனின் வாயைத் திறந்து ஒரு சிறுமி மருந்து ஊட்டுகிறாள். நாய்க்கு மருந்து கொடுக்கும்போது தாடை எப்படி இறுகும் என்று நினைத்து வரையுங்கள் என்றார் மியாசாகி. சுற்றியிருந்த இளம் ஓவியர்களில் நாய் வளர்த்தவர் யாருமில்லை. அவருக்கு ஆச்சரியமும் வருத்தமும். கடைசியில் அவர்கள் கால்நடை மருத்துவமனைக்குப் போய் ஒரு நாயின் வாயைத் திறந்து பார்த்து, படம் பிடித்து வந்து வரைந்தார்கள். டிராகன் துள்ளுவதை விலாங்கு துள்ளுவதோடு ஒப்பிட்டுச் சொன்னார். அதையும் அவர்கள் நேரில் பார்த்திருக்கவில்லை. பழவேற்காட்டுப் பிள்ளைக்கு விலாங்கு கையிலிருந்து எப்படி நழுவும் என்று தெரியும். நண்டு எந்தக் காலை முதலில் தூக்கும் என்று தெரியும். காட்டூர்ப் பிள்ளைக்கு எருமை எழும்போது பின்னங்கால் முதலில் எழும் என்று தெரியும். உலகத்தின் தலைசிறந்த ஸ்டூடியோ ஊரெல்லாம் தேடிப்போன அறிவு நம் திண்ணையில் கிடக்கிறது.

‘தி விண்ட் ரைசஸ்’ (2013) படத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜனக்கூட்டம் நகர்ந்து செல்லும் ஒரு காட்சி. நான்கு நொடி. அதை வரைய எய்ஜி யமமோரி என்ற அனிமேட்டருக்கு ஒரு வருடம் மூன்று மாதம் ஆயிற்று. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனியாள். ஒருவர் மூட்டையை மாற்றிப் பிடிக்கிறார், ஒருவர் குழந்தையைத் திரும்பிப் பார்க்கிறார். நான்கு நொடியில் எந்தக் கண்ணும் அத்தனை பேரையும் பார்த்து முடிக்காது. இருந்தும் வரைந்தார். மார்ச் மாதத்துப் பொத்தானை அழுத்தியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகளின் சந்தோஷம் அது. அந்தப் பொத்தான் எதிலிருந்து கற்றுக்கொண்டது என்று தெரிந்துகொண்டு அழுத்துங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

மிச்சியோ யசுதா என்ற பெண்மணியையும் இங்கே சொல்ல வேண்டும். மியாசாகி, தகஹாதா இருவரோடும் தொடக்க காலத்திலிருந்து வேலை செய்து, கிப்லி படங்களின் வண்ணங்களை முடிவு செய்தவர். 2016இல் காலமானார். இன்ன காட்சியில் இந்தச் சட்டை மாலை வெயிலில் என்ன சிவப்பு என்பது அவர் வேலை. போஸ்டரில் பெயர் வராத வேலை. இத்தகையவர்களின் பெயர் நிற்பதற்குத்தான் துணைப் புத்தகம் என்ற ஒன்று தேவைப்படுகிறது.

இங்கேதான் நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். நம் நாட்டு அனிமேஷனுக்கும் பெரிய கதை உண்டு. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்ற அமெரிக்கர், மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர், 1956இல் பம்பாய்க்கு வந்து ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் பயிற்சி கொடுத்தார். அதிலிருந்து ஜாதகக் கதையை வைத்து 1957இல் ‘தி பேன்யன் டீர்’ வந்தது. அந்தப் பிரிவில் கற்ற ராம் மோகன் இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றப்பட்டு 2014இல் பத்மஸ்ரீ பெற்றார், 2019இல் மறைந்தார். ஜப்பானின் யூகோ சாகோ, இந்தியாவில் நடந்த அகழாய்வைப் படமெடுக்க வந்து ராமாயணத்தில் விழுந்தார். ராம் மோகனும் ஜப்பானியக் கலைஞர்களும் சேர்ந்து செய்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ அப்படிப் பிறந்ததுதான். 1990களின் தொடக்கத்தில் முடிந்த அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் நம் தியேட்டர்களுக்கு வந்தது. வேட்டி மடிப்பு எப்படி விழும், கைகூப்பும்போது முழங்கை எங்கே நிற்கும் என்று நம் ஆட்கள் சொல்ல, ஜப்பானியர் வரைந்த கதை அது. எவ்வளவு நல்ல புத்தகமாகும்!

சென்னையிலும் குறைவில்லை. பெண்டாமீடியா நிறுவனம் 2000இல் எடுத்த ‘பாண்டவாஸ்’ ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதே வருடம் அவர்களுடைய ‘சிந்துபாத்’, முழுக்க மோஷன் கேப்சர் முறையில் எடுத்த முதல் முழுநீளப் படங்களில் ஒன்றாக வந்தது. 2007இல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’, 2014இல் ‘கோச்சடையான்’. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். படங்களின் தரத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும். அந்த மேசைகளில் இருந்த ஸ்கெட்ச், களிமண் மாதிரி, தள்ளுபடியான முகங்கள் எல்லாம் ஒரு தொகுப்பாக என் கைக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. அச்சிடத் தெரியாத ஊரும் இல்லை இது. திருவான்மியூரில் தாரா புக்ஸ் கோண்டு ஓவியர்களின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைக் கையால் செய்த கறுப்புத் தாளில், கையால் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுத் தைத்து, 2008இல் போலோன்யாப் பரிசு வாங்கியது. காகிதம், மை, கை எல்லாம் இருக்கின்றன. வரைந்தவர்களிடம் போய்க் கேட்பவர்தான் வேண்டும்.

காலை யூனிட்டில் பொன்னேரி, கவரைப்பேட்டை ஸ்டேஷன்களில் ஏறி சென்னை விஎஃப்எக்ஸ் கம்பெனிகளுக்குப் போகிற தம்பி தங்கைகளே, உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன். ரோட்டோ செய்கிறீர்கள், பெயிண்ட் செய்கிறீர்கள், கம்பாசிட்டிங் செய்கிறீர்கள். வெளிநாட்டுப் படத்தில் கம்பியை அழித்து, கதாநாயகனின் முடியை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசி ரயிலில் திரும்புகிறீர்கள். வீட்டில் “கம்ப்யூட்டர் வேலை” என்று மட்டும் தெரியும். உங்கள் வேலையைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எந்தக் காட்சி, எத்தனை நொடி, எத்தனை நாள் பிடித்தது, எந்த இடத்தில் கஷ்டப்பட்டீர்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள். கம்பெனி ரகசியம் எதுவும் வேண்டாம், வெளிவந்த படம் மட்டும் போதும். நீங்கள் பேசினால் நாங்கள் எழுதிக்கொள்ளவும் தயார்.

அடுத்த இதழின் நடுவில் எட்டுப் பக்கங்களை ஓவியத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள், உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி மாணவர்கள், ஓவிய ஆசிரியர்கள், வீட்டில் கோலம் போடும் அக்காமார் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். மனிதர்கள் வேண்டாம், இந்தத் தடவை இடம் மட்டும். அகத்தீஸ்வரர் கோயில் குளம், ஆரணி ஆற்றுப் பாலத்தின் அடி, ஸ்டேஷன் வாசல் பூவரசு, சிப்காட் கேட் எதிரே டீக்கடை, பழவேற்காட்டுப் படகுத்துறை, உங்கள் தெருக்கோடிக் கிணறு, எதுவானாலும் சரி. போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரையாமல், அங்கேயே போய் உட்கார்ந்து வரையுங்கள். வெயிலாக இருந்தால் குடை எடுத்துப்போங்கள், ஏரிக்கரைக்குச் சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம். ஏ4 தாள், போஸ்டர் கலரோ பென்சிலோ. பின்பக்கம் இடத்தின் பெயர், வரைந்த நேரம், அங்கே கேட்ட சத்தம் ஒன்று, இவற்றை எழுதுங்கள்.

‘டோட்டோரோ’வை இன்னும் பார்க்காதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள், ‘மோனோனோகே’வில் வெட்டும் ரத்தமும் உண்டு, பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம். ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ பெரியவர்களையே உலுக்கும், பிள்ளைகளுக்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓவியங்களை மடிக்காமல், அட்டை வைத்து அனுப்புங்கள். அச்சான பிறகு எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவோம், ஆகையால் பின்பக்கம் உங்கள் முகவரியைப் பின்கோடோடு எழுத மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்